நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது

ஆஸ்பத்திரி சீரியல் எதை எடுத்தாலும் ஒரு காட்சி நிச்சயம் உண்டு. படுக்கையில் ஆள், பக்கத்தில் மானிட்டர், அதில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த பச்சைக்கோடு திடீரென்று படுத்துவிடும், கூடவே 'பீஈஈப்' என்று நிற்காத சத்தம். டாக்டர் இரண்டு இஸ்திரிப்பெட்டி மாதிரியான தகடுகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தேய்ப்பார். "எல்லாரும் தள்ளிப் போங்க!" உடம்பு படுக்கையிலிருந்து ஓர் அடி எகிறி விழும். கோடு அசையாது. "இன்னொரு தடவை!" மறுபடி எகிறும். மூன்றாவது தடவை கோடு குதிக்கத் தொடங்கும், நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொள்வார், விளம்பர இடைவேளை.

அந்தக் கோடு நேராகப் படுத்திருக்கும்போது ஷாக் கொடுப்பதில் பயனே இல்லை. உலகம் முழுக்க டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. டிவிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1994 முதல் 2009 வரை 15 சீசன் ஓடிய 'ஈஆர்' தொடரை உருவாக்கிய மைக்கேல் கிரைட்டனே ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர்தான். ஆனாலும் இந்தக் காட்சி சீரியல் சீரியலாகத் தொடர்கிறது. ஏன் தொடர்கிறது, நிஜத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை, இதயம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. பேச்சில், செய்தியில், சீரியலில் எல்லா இடத்திலும் இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் சொல்கிறோம்.

மாரடைப்பு என்பது குழாய்ப் பிரச்சினை. இதயத்தின் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்கிறது, அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை பட்டினியில் சாகத் தொடங்குகிறது. ஆளுக்கு நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், இடது கை, தாடை என்று வலி பரவலாம், சிலருக்கு வெறும் அஜீரணம் மாதிரிகூட இருக்கும். ஆனால் பெரும்பாலும் அவர் விழித்திருப்பார், பேசுவார். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். இவருக்கு வேண்டியது ஷாக் அல்ல, அடைப்பைத் திறப்பதுதான்.

இதயம் நின்றுபோவது, அதாவது கார்டியாக் அரெஸ்ட், வேறு கதை. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவதே நின்றுவிடுகிறது. சில நொடிகளில் நினைவு போகும், மூச்சு நிற்கும் அல்லது கோணல்மாணலாகும். மாரடைப்பு முற்றி இதில் முடியலாம், பலருக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் நீரில் மூழ்குவது, மின்சாரம் தாக்குவது, ரத்தம் நிறைய வெளியேறுவது, உடம்பில் பொட்டாசியம் ஏறிவிடுவது என்று வேறு வழிகளிலும் இது வரும்.

மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் போவது தடைபடுகிறது, கார்டியாக் அரெஸ்டில் இதயத்திலிருந்து ரத்தம் போவது நின்றுவிடுகிறது. இனி நாம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

தேர் எப்படி நகர்கிறது

திருவாரூர் ஆழித்தேர் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள், நேரில் இல்லாவிட்டாலும் டிவியிலாவது. வடத்தைப் பிடித்து ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். ஒருவர் குரல் கொடுக்கிறார், அது வரிசையாகப் பின்னால் வரை பரவுகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள், தேர் ஓரடி நகர்கிறது. அப்புறம் கொஞ்சம் தளர்வு. மறுபடி குரல், மறுபடி இழுப்பு. தேரை நகர்த்துவது குரல் அல்ல, இழுக்கிற கைகள். ஆனால் குரல் இல்லாமல் கைகள் சேராது.

இதயமும் இப்படித்தான். அதன் வலது மேலறையில் சைனஸ் நோடு என்று ஒரு சின்னத் திசுப்பகுதி இருக்கிறது. அதுதான் குரல் கொடுப்பவர். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அது ஒரு மெல்லிய மின்துடிப்பைக் கிளப்பிவிடும். அந்தத் துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் ஓர் இடத்தில் கொஞ்சம் தாமதித்து, பிறகு கீழறைகளுக்குள் வேகமாகப் பாய்கிறது. வடத்தைப் பிடித்திருப்பவர்கள் தசைச் செல்கள். எல்லாம் சேர்ந்து சுருங்கும்போது கீழறைகள் பிழியப்பட்டு ரத்தம் வெளியே போகிறது.

மானிட்டரில் ஓடும் ஈசிஜி கோடு இந்த மின்சாரத்தின் படம் மட்டுமே. அதாவது குரலும் அது பரவுவதும்தான் அதில் தெரியும், தேர் நகர்ந்ததா என்பது தெரியாது. கோடு அழகாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடி இல்லாமல் போவதும் உண்டு. குரல் கேட்கிறது, வடம் பிடித்தவர்களுக்கு இழுக்கத் தெம்பில்லை. அதனால்தான் நிஜ ஆஸ்பத்திரியில் மானிட்டரை மட்டும் பார்க்காமல் கழுத்தில் விரலை வைத்து நாடி பார்க்கிறார்கள். சீரியலில் யாரும் கழுத்தைத் தொடுவதில்லை, எல்லோரும் திரையையே வெறித்துப் பார்க்கிறார்கள்.

ஷாக் இதயத்தை ஓட வைப்பதில்லை, நிறுத்துகிறது

வடம் பிடித்தவர்கள் எல்லோரும் தங்கள் இஷ்டத்துக்கு இழுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஒருவர் இழுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் விடுகிறார். எல்லோருக்கும் வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, தேர் மட்டும் அசையவில்லை. முன்னால் நின்று குரல் கொடுப்பவர் கத்துவது அந்தக் களேபரத்தில் யார் காதிலும் விழாது.

கீழறைகளில் இது நடந்தால் அதற்குப் பெயர் வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன். இதயம் அசையாமல் கிடக்காது, நெஞ்சைத் திறந்து பார்த்தால் தசை முழுக்க நெளிந்துகொண்டிருப்பது தெரியும். ஆனால் ஒரு சொட்டு ரத்தம்கூட உருப்படியாக வெளியே போகாது. மானிட்டரில் கோடு நேராக இருக்காது, சின்னக் குழந்தை பென்சிலை வைத்துக் கிறுக்கின மாதிரி தாறுமாறாக இருக்கும்.

இந்த நிலைமைக்குத்தான் ஷாக். டீஃபிப்ரிலேட்டர் என்ற அந்தக் கருவி நெஞ்சின் குறுக்கே ஒரு கணம் பலமாக மின்சாரத்தைச் செலுத்துகிறது. அது என்ன செய்கிறது என்பதில்தான் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். நின்ற இதயத்தை உதைத்து ஸ்டார்ட் செய்வதில்லை. எல்லாச் செல்களையும் ஒரே கணத்தில் தூண்டிவிட்டு, அதோடு அத்தனையையும் ஒன்றாக ஓய வைக்கிறது. தேர் முன்னால் நின்று ஒருவர் காதைப் பிளக்கிற மாதிரி விசில் ஊதினால் எல்லோரும் வடத்தை அப்படியே விட்டுவிட்டு நிற்பார்களே, அது. அந்த அமைதியில் முன்னால் இருப்பவரின் குரல் மறுபடி கேட்கும், இழுப்பு ஒன்று சேரும். ஒழுங்கைக் கொண்டுவருவது சைனஸ் நோடுதான், ஷாக் களேபரத்தை மட்டும் அடக்குகிறது.

மனிதரில் இது முதலில் வெற்றிகரமாக நடந்தது 1947இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் 14 வயதுப் பையனுக்கு நெஞ்சு ஆபரேஷன் முடிக்கும் தறுவாயில் அவன் இதயம் நின்றுபோனது. நெஞ்சைத் திறந்து இதயத்தைக் கையாலேயே பிசைந்துகொண்டிருந்தார், பிறகு நேரடியாக இதயத்தின் மேலேயே தகடுகளை வைத்து ஷாக் கொடுத்தார். பையன் பிழைத்தான். நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து கொடுப்பதை பால் சோல் என்பவர் 1956இல் செய்துகாட்டினார். 1965இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் இந்தக் கருவியை ஆம்புலன்ஸுக்குள் ஏற்றினார். கார் பேட்டரியில் ஓடிய அது கிட்டத்தட்ட 70 கிலோ, ஒரு ஆளின் எடை.

சுருக்கமாக: இதயம் தாறுமாறாகத் துடித்து ரத்தம் தள்ளாமல் போகும்போது, அந்தத் தாறுமாறை நிறுத்தத்தான் ஷாக்.

சரி, நேர்கோடு?

கோடு நேராகப் படுத்துவிட்டது என்றால் குரல் கொடுப்பவரும் இல்லை, வடத்தில் ஆளும் இல்லை. காலித் தெருவில் நிற்கிற தேர். அங்கே விசில் ஊதி யாரை நிறுத்துவது? இந்த நிலைக்கு அசிஸ்டோல் என்று பெயர், மின்சாரமே இல்லாத நிலை. ஷாக் அடக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. நெஞ்சைக் கையால் அழுத்தி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருப்பவர் ஷாக் கொடுப்பதற்காகக் கையை எடுக்கும் சில நொடிகளில் மூளைக்குப் போகிற கொஞ்சநஞ்ச ரத்தமும் நின்றுவிடும், அந்த வகையில் அது கெடுதல்கூட.

அப்போது நிஜ டாக்டர்கள் என்னதான் செய்வார்கள்? முதலில் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிரிக்காதீர்கள், ஒட்டியிருக்கும் ஒயர் ஒன்று பிடுங்கிக்கொண்டாலும் கோடு நேராகிவிடும், நோயாளி பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். ஒயர் சரியாக இருந்தால் நெஞ்சை அழுத்திக்கொண்டே, ரத்தநாளம் வழியாக 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் போடுவார்கள். சினிமாவில் வருகிற மாதிரி முழ நீள ஊசியை நேராக இதயத்தில் குத்துவதெல்லாம் இல்லை. கூடவே ஏன் நின்றது என்று தேடுவார்கள்: பொட்டாசியமா, ரத்தப்போக்கா, ஆக்சிஜன் குறைவா, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா. அந்தக் காரணத்தைச் சரிசெய்ய முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் பெரும்பாலும் இல்லை. நேர்கோட்டிலிருந்து மீண்டு வருபவர்கள் மிகக் குறைவு.

பிறகு ஏன் டிவியில் நேர்கோட்டுக்கே ஷாக் கொடுக்கிறார்கள்? என் கணிப்பு எளிமையானது. கிறுக்கல் கோட்டைக் காட்டினால் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது, 'ஏதோ ஓடிக்கிட்டுத்தானே இருக்கு' என்பார். நேர்கோடு என்றால் பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் தெரியும், ஆள் போய்விட்டார். போன ஆளைத் திருப்பிக் கொண்டுவந்தால்தானே கதாநாயகன்!

உடம்பு எகிறுவதும் அதே கணக்கில்தான். நிஜத்தில் தசைகள் ஒரு வெட்டு வெட்டும், தோள் துள்ளும், அவ்வளவுதான். தகடுகளைத் தேய்ப்பதும் பெரும்பாலும் பழங்கதை, இப்போது அநேக இடங்களில் பசையுள்ள அட்டைகளை நெஞ்சில் ஒட்டிவிடுகிறார்கள். "தள்ளிப் போங்க" என்று கத்துவது மட்டும் நூற்றுக்கு நூறு நிஜம், தொட்டுக்கொண்டிருப்பவருக்கும் ஷாக் அடிக்கலாம்.

டிவி சரியாகக் காட்டவே முடியாத ஒன்று

நெஞ்சை அழுத்துவதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். சிபிஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்: நின்ற இதயத்தின் வேலையை வெளியிலிருந்து கையால் செய்வது. தேருக்குப் பின்னால் சக்கரத்தில் மரத்தைக் கொடுத்து நெம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, வடத்தில் இழுப்பு இல்லாவிட்டாலும் இஞ்ச் இஞ்சாகத் தேரை நகர்த்துவார்கள், அந்த வேலை. நன்றாகச் செய்தாலும் சாதாரணமாகப் போகும் ரத்தத்தில் கால்வாசி, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் போகும். ஆனால் மூளை தாக்குப்பிடிக்க அதுவே பெரிய உதவி. அதுவும் இல்லாவிட்டால் 4 முதல் 6 நிமிடத்தில் மூளைச் செல்கள் சேதமாகத் தொடங்கிவிடும்.

அடுத்த தடவை சீரியலில் இந்தக் காட்சி வந்தால் அழுத்துபவரின் முழங்கையைப் பாருங்கள். மடங்கி மடங்கி நிமிரும், மாவு பிசைகிற மாதிரி. படுத்திருப்பவர் உயிரோடு இருக்கும் நடிகர், அவர் நெஞ்சை நிஜமாக அழுத்தினால் விலா எலும்பு உடைந்துவிடும். அதனால் கையை மட்டும் ஆட்டிவிட்டு நெஞ்சை அழுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். பாவம், அவர்களும் வேறென்ன செய்வார்கள்.

நிஜத்தில் முழங்கை மடங்கக் கூடாது. தோள் நேராக நெஞ்சுக்கு மேலே வர வேண்டும், இடுப்பிலிருந்து முழு எடையும் இறங்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒவ்வொரு அழுத்தலும் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆஸ்பத்திரிக் கட்டில் உயரமாக இருந்தால் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்று அழுத்துவார்கள். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருப்பார். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அதற்குள் கை தளர்ந்து ஆழம் குறைந்துவிடும், அது அவருக்கே தெரியாது. சில சமயம் கைக்கடியில் விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கும். கேட்டாலும் நிறுத்தக் கூடாது.

இந்த முறை பிறந்ததே ஒரு தற்செயல். 1958இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கு ஷாக் கொடுக்கும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. கை நிக்கர்பாக்கர் என்ற இளம் பொறியாளர், கனமான தகடுகளை நெஞ்சில் வைத்து அழுத்தும்போதே, ஷாக் கொடுக்கும் முன்பே, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவரும் கூவென்ஹோவன், ஜூட் என்ற இருவரும் 1960இல் கட்டுரை வெளியிட்டார்கள். இதற்குத் தேவை இரண்டு கைகள் மட்டுமே என்று அதில் எழுதினார்கள். 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்ததாகக் கணக்கும் கொடுத்தார்கள், அதாவது 70 சதவீதம். அவர்களில் பலர் ஆபரேஷன் மேசையில், மயக்க மருந்தில், டாக்டர்கள் சுற்றி நிற்கும்போதே இதயம் நின்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எத்தனை பேர் பிழைக்கிறார்கள்

அதே 70 சதவீதம் டிவியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1996இல் நியூ இங்லாந்து மருத்துவ இதழில் டீம், லான்டோஸ், டல்ஸ்கி ஆகிய மூன்று மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். 'ஈஆர்', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய மூன்று நிகழ்ச்சிகளில் 97 எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்து, சிபிஆர் வந்த 60 இடங்களைக் குறித்து வைத்தார்கள். நான்கில் மூன்று பேர் அந்த நேரத்துக்குப் பிழைத்தார்கள், 67 சதவீதம் பேர் நல்லபடியாக வீடு திரும்பினார்கள் என்று காட்டப்பட்டது. பெரும்பாலானோர் குழந்தைகள், இளைஞர்கள். நிஜத்தில் இதயம் நிற்பவர்களில் அநேகம் பேர் வயதானவர்கள், பல வியாதிகளோடு இருப்பவர்கள்.

நிஜக் கணக்கு? அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் சுமார் 10 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே நின்றால் ஏறக்குறைய நான்கில் ஒருவர். பிழைப்பவர்களும் சீரியலில் வருவது போல இருமிவிட்டுக் கண்ணைத் திறந்து, "நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்பது அபூர்வம். நாடி திரும்பிய பிறகும் பெரும்பாலும் மயக்கத்தில்தான் இருப்பார்கள். வென்டிலேட்டர், ஐசியூ, நாள்கணக்கில் காத்திருப்பு, மூளை எவ்வளவு தப்பியது என்ற கவலை. இதைக் காட்டினால் எபிசோடு முடியாது.

இந்தக் கணக்குக்கு ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. 85 வயதில், கேன்சர் முற்றிய அப்பாவுக்கு இதயம் நின்றால் சிபிஆர் செய்யலாமா வேண்டாமா என்று ஐசியூ வாசலில் டாக்டர் கேட்கும்போது, நம் தலைக்குள் ஓடுவது சீரியல் காட்சியாக இருந்தால் பதில் ஒரு மாதிரி வரும், நிஜமான கணக்காக இருந்தால் வேறு மாதிரி வரும்.

டிவி மாதிரியே நடந்த ஒன்று

எப்போதாவது அப்படியே நடப்பதும் உண்டு. 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் யூரோ கால்பந்துப் போட்டி, டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிக்கொண்டிருக்கின்றன. டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் பக்கத்தில் யாரும் மோதாமலே சரிந்து விழுந்தார். சக வீரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தினார்கள், ஒரே ஒரு ஷாக் கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது விழித்திருந்தார். அடுத்த வருடம் பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு அணிக்காக மறுபடி களம் இறங்கினார், நெஞ்சுக்குள் பொருத்திய ஒரு குட்டி டீஃபிப்ரிலேட்டரோடு.

அவருக்கு எல்லாம் கூடிவந்தது. இளமை, உடல்வலு, விழுந்ததை எல்லோரும் பார்த்தது, தாமதிக்காமல் கை வைத்தது, ஷாக்குக்கு அடங்குகிற தாளம், கருவி கையெட்டும் தூரத்தில். இந்த வகை நிறுத்தத்தில் யாரும் எதுவும் செய்யாவிட்டால், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. அழுத்திக்கொண்டிருந்தால் இந்தச் சரிவு மெதுவாகும். அழுத்துவது அவகாசம் வாங்கிக்கொடுக்கிறது, ஷாக் அந்த அவகாசத்துக்குள் வர வேண்டும்.

நம் கண்முன் ஒருவர் விழுந்தால்

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது மூச்சு சரியில்லை என்றால் 108க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். மூச்சு விஷயத்தில் கொஞ்சம் கவனம்: இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலர் மீன் தரையில் வாய் திறப்பது போல விட்டுவிட்டு ஏங்குவார்கள், குறட்டை மாதிரிகூடக் கேட்கும். அது மூச்சு அல்ல. "மூச்சு இருக்கு, தண்ணி தெளிங்க" என்று பொன்னான நேரம் போய்விடுவது இங்கேதான். டிவியில் இந்த ஏங்கலை அநேகமாகக் காட்டுவதே இல்லை.

நெஞ்சின் நடுவில், எலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து, முழங்கை மடங்காமல், வேகமாக, ஆழமாக அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடுங்கள். பழக்கமில்லாதவர்கள் வாயோடு வாய் ஊதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், பெரியவர்கள் திடீரென்று விழுந்தால் அழுத்துவது மட்டுமே போதும். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு கொடுப்பதும் முக்கியம், அதைப் பயிற்சியில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள்.

விமான நிலையம், பெரிய மால் மாதிரியான சில இடங்களில் ஏஇடி என்ற பெட்டி சுவரில் இருக்கும். பொதுமக்கள் பயன்படுத்துவதற்கென்றே செய்த டீஃபிப்ரிலேட்டர் அது. திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தானே பேசும், படத்தில் உள்ளபடி இரண்டு அட்டைகளையும் நெஞ்சில் ஒட்ட வேண்டும். தப்பாக ஷாக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், இதயத்தின் தாளத்தை அதுவே படித்துப் பார்க்கும். கிறுக்கலாக இருந்தால் ஷாக் கொடுக்கச் சொல்லும் அல்லது தானே கொடுக்கும். நேர்கோடாக இருந்தால் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் கொடுக்காது, ஷாக் தேவையில்லை என்று மட்டும் சொல்லும். அதைக் கேட்டு ஆள் தேறிவிட்டார் என்றோ போய்விட்டார் என்றோ நினைத்துக் கையை எடுத்துவிடாதீர்கள். அட்டைகள் அப்படியே ஒட்டியிருக்கட்டும், உடனே மறுபடி அழுத்தத் தொடங்குங்கள். 2 நிமிடம் கழித்துப் பெட்டி தானாகவே இன்னொரு தடவை பார்க்கும்.